"அவ்வப்போது" என்று எழுதாதீர்கள்

(நமது அறக்கட்டளையின் குடும்பநல ஆலோசனைக் குழு நடத்திய மாதக் கூட்டத்தில், குழுவின் சட்ட ஆலோசகரான சகோதரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். குடும்பங்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)



தாய்மார்களே, பெரியவர்களே, ஜமாஅத் நிர்வாகிகளே! தலாக், குலா, ஜீவனாம்சம் பற்றி இந்த மேடையில் பல தடவை பேசியாகிவிட்டது. இன்று பேசப் போவது, அதெல்லாம் முடிந்த பிறகு வருகிற ஒரு சிக்கலைப் பற்றி. மணமுறிவு ஆகிவிட்டது. பிள்ளை ஒருவரிடம் இருக்கிறது. இன்னொருவர் வாராவாரம் வந்து பார்த்துப் போகிறார். ஒரு நாள் பிள்ளையை வைத்திருப்பவர், "நான் ஊரைவிட்டுப் போகிறேன்" என்கிறார். பெங்களூர், சென்னை, ஷார்ஜா, கோலாலம்பூர் என்று ஏதோ ஒரு தூரத்து ஊர். அப்போது பிள்ளை யாரோடு இருப்பது? ஊரில் நின்றுவிட்டவருக்கு என்ன உரிமை?

முதலில் என்னுடைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு குடும்பத்துக்கு நான்தான் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தேன். மகனுக்கு அப்போது ஐந்து வயது. "பிள்ளை தாயாரிடம் இருக்கும், தகப்பனார் அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்." இரண்டு தரப்புக்கும் திருப்தி. ஜமாஅத்தில் கையெழுத்துப் போட்டார்கள், சர்பத் குடித்தார்கள், கலைந்து போனார்கள். இரண்டு பேர் வீடும் பக்கத்துப் பக்கத்துத் தெரு. ஆகவே அந்த "அவ்வப்போது" இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் தரவில்லை. ஜும்ஆ முடிந்து தகப்பனார் வருவார், பையனைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார், அஸருக்குள் கொண்டுவந்து விடுவார்.

அதற்குப் பிறகு அந்தத் தாய் பெங்களூரில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குக் குடிபோனார். அவருக்கு அங்கே ஒரு வேலையும் கிடைத்தது. தப்பான எண்ணத்தோடு போனவர் இல்லை. ஆனால் அங்கே போனதும் "அவ்வப்போது" என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது. இந்த மாதம் பரீட்சை என்பார். அடுத்த மாதம் பையனுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த மாதம் இவர் டிக்கெட் எடுத்த பிறகு, அண்ணன் வீட்டில் விசேஷம், வர வேண்டாம் என்று தகவல். ஏழு மாதம் அந்த மனிதர் மகனைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்தார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். எந்த நாள், எவ்வளவு நேரம், எந்த இடம், யார் செலவு என்று அதில் ஒன்றுமே இல்லை. என் கையெழுத்து மட்டும் கீழே இருக்கிறது.

அடுத்த முழுப்பரீட்சை லீவுக்குப் பையன் ஊருக்கு வந்தான். அவனுடைய பாஸ்போர்ட் பழைய நாளிலிருந்தே தகப்பனாரிடம் இருந்தது. அவர் பையனைக் கூட்டிக்கொண்டு மலேசியாவில் இருக்கும் தன் தம்பியிடம் போய்விட்டார். ஏழு வயது தாண்டியதும் ஆண்பிள்ளை தகப்பனுக்கு என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தாய்க்கு விவரம் தெரிந்தபோது விமானம் ஏறி மூன்று நாள் ஆகியிருந்தது.

வழக்கு, மனு, பெரியவர்களின் சமாதானம் என்று ஒன்றேகால் வருடம் கழித்துப் பையன் திரும்பி வந்தான். உம்மாவை "நீ, வா, போ" என்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை. வந்து இறங்கியதும் "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான். அந்தத் தாய் அதைச் சொல்லிச் சொல்லி என் அலுவலகத்தில் அழுதார். அன்றைக்கிருந்து "அவ்வப்போது" என்ற சொல்லை நான் எந்தப் பத்திரத்திலும் எழுதுவதில்லை.

சரி, மார்க்கம் என்ன சொல்கிறது? நான் ஆலிமா அல்ல. ஆலிம்களிடம் கேட்டும் நூல்களில் பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தீர்ப்புக்கு உங்கள் ஆலிம்களிடம் கேளுங்கள். பிள்ளையை வைத்து வளர்க்கும் உரிமைக்கு ஹளானத் என்று பெயர். பிள்ளையின் சொத்து, திருமணம் போன்றவற்றில் முடிவெடுக்கும் பொறுப்பு விலாயத். முதலாவதில் சிறு வயதில் தாய்க்கு முன்னுரிமை, இரண்டாவதில் தகப்பனுக்கு. நம் ஜனங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பாதிச் சண்டை போடுகிறார்கள். "நான்தானே வலீ" என்பார் தகப்பன். ஆமாம், வலீதான். அதனால் நான்கு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் உரிமை வந்துவிடாது.

ஹனஃபி மத்ஹபில் ஆண்பிள்ளை ஏழு வயது வரையிலும் பெண்பிள்ளை பருவமடையும் வரையிலும் தாயிடம் இருக்கும். ஷாஃபிஈ மத்ஹபில் பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயது, ஏறக்குறைய ஏழு, வந்ததும் தாயா தகப்பனா என்று பிள்ளையிடமே கேட்பார்கள். நம் பகுதியில் இரண்டு மத்ஹபும் உண்டு. ராவுத்தர் வீட்டில் ஒன்று, மரைக்காயர் வீட்டில் ஒன்று. சம்பந்தம் மாறிக் கட்டிக்கொண்ட குடும்பங்களில் எந்தச் சட்டம் என்பதிலேயே ஒரு சண்டை நடக்கும்.

ஊர் மாறுவது பற்றியும் நம் இமாம்கள் யோசித்திருக்கிறார்கள். ஒட்டகத்திலும் கால்நடையாகவும் பயணம் செய்த காலத்திலேயே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. ஹனஃபி நூல்களில் சொல்லியிருப்பதன் சாரம் இது. தலாக் ஆகி இத்தா முடிந்த தாய், தகப்பனின் சம்மதம் இல்லாமல் பிள்ளையைத் தூரத்து ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது. எது தூரம்? தகப்பன் புறப்பட்டுப் போய், பிள்ளையைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் தன் வீட்டுக்குத் திரும்ப முடியுமானால் அது தூரம் இல்லை. முடியாவிட்டால் தூரம். இதற்கு ஒரு விலக்கும் உண்டு. தாயின் சொந்த ஊருக்கு, அந்த நிக்காஹ் நடந்ததும் அதே ஊராக இருந்தால், அவள் பிள்ளையோடு போகலாம். பிறந்த ஊரில் கல்யாணம் முடித்துக் கொடுத்தவர்களிடமே அவள் திரும்பிப் போகிறாள், அதைத் தடுக்கக் கூடாது என்று பார்த்திருக்கிறார்கள். அதேபோல, ஹளானத் தாயிடம் இருக்கும் காலத்தில் தகப்பனும் பிள்ளையைத் தாயின் ஊரிலிருந்து வெளியே எடுத்துப் போகக் கூடாது. இந்தப் பாதியை நம் ஆண்கள் வசதியாக மறந்துவிடுவார்கள்.

ஷாஃபிஈ நூல்களில் வேறு மாதிரி. வியாபாரம், ஹஜ் போன்ற போய்த் திரும்பும் பயணமானால், பயணம் போகிறவர் வரும் வரை பிள்ளை ஊரில் இருப்பவரிடம் இருக்கும். ஒருவர் ஒரேயடியாகக் குடிபெயர்ந்தால் தகப்பன் பக்கம் முன்னுரிமை தருகிறார்கள். அதுவும் வழியும் போகிற இடமும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இருட்டுவதற்குள் வீடு திரும்புவது என்ற அந்த அளவு எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே மைல் கணக்கு இல்லை, பார்க்கப் போகிறவரின் சிரமம்தான் கணக்கு. இன்றைக்கு அதை எப்படிப் பொருத்துவது? சென்னையிலிருந்து துபாய்க்கு விமானத்தில் நாலு மணி நேரம்தான். ஆனால் விசா எடுக்க வேண்டும், டிக்கெட் காசு வேண்டும், தங்க இடம் வேண்டும், கடையைப் பூட்ட வேண்டும். மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கும் தகப்பனுக்கு ஷார்ஜாவும் நிலாவும் ஒன்றுதான். வசதியுள்ளவருக்கு அது பக்கத்து ஊர். ஆகவே ஊர்ப் பெயரைப் பார்க்காமல், அந்தத் தகப்பனால், அல்லது அந்தத் தாயால், போய்ப் பார்க்க முடியுமா என்று பாருங்கள்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்ணுக்குத் தாய்வீடுதான் வீடு, மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார். மணமுறிவு ஆனால் வீட்டைவிட்டு வெளியேறுவது ஆண். ஆகவே அங்கெல்லாம் "தாய் பிள்ளையோடு ஊரைவிட்டுப் போகிறாள்" என்ற வழக்கைவிட, வெளிநாட்டில் இருக்கும் தகப்பன் பிள்ளையைத் தன்னிடம் வரவழைக்கப் பார்க்கிறார் என்ற வழக்குதான் அதிகம் என்னிடம் வருகிறது.

இனி நாட்டின் சட்டம். 1937 ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி பாதுகாவலர் விஷயத்தில் நமக்கு நம் தனிச்சட்டம் பொருந்தும். ஆனால் நீதிமன்றத்துக்குப் போனால் 1890 ஆம் ஆண்டின் பாதுகாவலர், பராமரிக்கப்படுவோர் சட்டப்படிதான் விசாரணை. அதன் 17 ஆம் பிரிவு, பிள்ளைக்குரிய தனிச்சட்டத்தோடு ஒத்துப் போகும்படியும், பிள்ளையின் நலனைப் பார்த்தும் முடிவெடுக்கச் சொல்கிறது. நடைமுறையில் நலன்தான் முன்னால் நிற்கும். ஏழு வயது முடிந்த மறுநாள் நீதிபதி பிள்ளையைத் தூக்கித் தகப்பனிடம் கொடுத்துவிடுவார் என்று எண்ணாதீர்கள். மறுமணம் செய்துகொண்டால் தாயிடமிருந்து பிள்ளை தானாகப் போய்விடும் என்றும் எண்ணாதீர்கள். நீதிமன்றம் அதையும் ஒரு விஷயமாக எடுத்துப் பார்க்கும், அவ்வளவுதான்.

மனு எங்கே போடுவது? பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில். இது 9 ஆம் பிரிவு. போன வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன ஊர் அதனாலேயே "வழக்கமாக வசிக்கும் இடம்" ஆகிவிடாது. ஆனால் நீங்கள் ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டால் ஆகிவிடக்கூடும். பிள்ளை எங்கே படித்தது, எங்கே தடுப்பூசி போட்டது என்ற காகிதங்களைப் பத்திரமாக வைத்திருங்கள், தாமதிக்காதீர்கள்.

நீதிமன்றமே ஒருவரைப் பாதுகாவலராக நியமித்திருந்தால், அவர் அனுமதியின்றிப் பிள்ளையை அந்த நீதிமன்ற எல்லைக்கு வெளியே குடியமர்த்தக் கூடாது என்று 26 ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றத்தின் கையில் சிக்காமலிருக்க அப்படிச் செய்தால் 44 ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிவில் சிறை உண்டு. ஆனால் இது நீதிமன்றம் நியமித்தவருக்குத்தான். ஜமாஅத் தாளில் எழுதிக்கொண்டவருக்கு இது பொருந்தாது. ஜமாஅத்தின் முடிவை நான் குறைத்துப் பேசவில்லை. நல்ல சமாதானம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் ஒரு தரப்பு மீறினால் அந்தத் தாளை வைத்துப் பிள்ளையை மீட்க முடியாது. ஆகவே பள்ளிவாசலில் பேசி முடித்ததைக் குடும்ப நீதிமன்றத்தில் சம்மத உத்தரவாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் என்ன செய்திருக்கிறது என்பதற்கு இரண்டு தீர்ப்புகளை மட்டும் சொல்கிறேன். 2010 இல் விக்ரம் வீர் வோரா வழக்கு. சம்மதத்தின் பேரில் மணவிலக்கு ஆகி, மகன் தாயிடம், தகப்பன் வந்து பார்க்கலாம் என்று ஏற்பாடு. தாய்க்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. தகப்பன் எதிர்த்தார். நீதிபதிகள் பையனைத் தனியாக அழைத்துப் பேசினார்கள். பிள்ளையா வேலையா என்று ஒரு தாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல முடியாது என்ற கருத்தில், அவர் மகனோடு போக அனுமதித்தார்கள். பிள்ளையின் பொறுப்புப் பற்றிய உத்தரவு கல்லில் வெட்டியது அல்ல, நிலைமை மாறினால் மாற்றலாம் என்பதையும் அதில் சொன்னார்கள். அதாவது, இன்று அனுமதித்ததை நாளை திரும்பப் பெறவும் முடியும்.

2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கு. பெற்றோர் வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோ இருக்கும்போது, நேரில் பார்க்கும் உரிமையோடு தொடர்பு உரிமையும் முக்கியம் என்றார்கள். விசேஷக் காரணம் இல்லாவிட்டால், பிள்ளை யாரிடம் இல்லையோ அவருக்குத் தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் பிள்ளையோடு பேச உரிமை உண்டு, அதற்கு வீடியோ அழைப்புதான் நல்ல வழி என்றார்கள். இந்த ஒன்றைப் பெரியவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். "போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாள்" என்று வருகிற தகப்பனுக்கும், "மகள் குரலே கேட்கவில்லை ராத்தா" என்று வருகிற தாய்க்கும் இதில் உரிமை இருக்கிறது.

வெளிநாடு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பிள்ளைகளை நாடுவிட்டு நாடு கடத்துவது பற்றிய 1980 ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. நம் ஊர் நீதிமன்ற உத்தரவு அந்நிய நாட்டில் தானாக நடக்காது. போன பிறகு அழுவதைவிடப் போகுமுன் கட்டுப்பாடு வாங்குவதுதான் புத்தி. சிறுவருக்குப் பாஸ்போர்ட் எடுக்க இரண்டு பெற்றோரின் உறுதிமொழியும் கேட்கிறார்கள். அது டி இணைப்பு. ஒருவர் மட்டும் விண்ணப்பித்தால் அதற்குத் தனி உறுதிமொழி, சி இணைப்பு. வழக்கு நடக்கும்போது பிள்ளையை நாட்டைவிட்டுக் கொண்டுபோகத் தடை கேட்கலாம், பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்கச் சொல்லிக் கேட்கலாம். யார் வைத்திருக்கிறார் என்பதையாவது ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நான் அன்று எழுதவில்லை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "பிள்ளையைக் காட்டவில்லை, காசு தர மாட்டேன்" என்கிறார் இவர். "காசு தரவில்லை, பிள்ளையைக் காட்ட மாட்டேன்" என்கிறார் அவர். இரண்டும் தப்பு. செலவு பிள்ளையின் உரிமை, தகப்பன் கடமை. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணின் பிள்ளைகளுக்குத் தகப்பனிடம் ஜீவனாம்சம் கேட்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1997 லேயே நூர் சபா காத்தூன் வழக்கில் சொல்லிவிட்டது. அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125 ஆம் பிரிவு, இன்று புதிய சட்டத்தில் 144. பார்ப்பதும் பிள்ளையின் உரிமைதான். பெற்றவர்கள் ஒன்றுக்கு ஒன்று பண்டமாற்றுச் செய்துகொள்ள அது அவர்கள் சொத்து இல்லை. பிள்ளையின் பெயரால் தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தகப்பனும் துன்புறுத்தப்படக் கூடாது என்பது சூரா பகராவின் 233 ஆவது வசனத்திலேயே வருகிற கட்டளை.

போன வருடம் ஒரு சகோதரி வந்தார். நர்ஸ் வேலை. குலா பெற்றவர், ஆறு வயது மகள். ஷார்ஜாவில் வேலை கிடைத்திருக்கிறது. தகப்பனாருக்கு இங்கே சின்ன மளிகைக்கடை. "போகவே கூடாது" என்றார் அவர். "எட்டு மாதமாகப் பைசா தரவில்லை, கேட்க இவருக்கு என்ன உரிமை" என்றார் அவர். நமது அறக்கட்டளை அலுவலகத்தில் மூன்று தடவை உட்கார்ந்தோம். முதல் தடவை சத்தம்தான். இரண்டாம் தடவை தகப்பனார் ஒன்று கேட்டார்: "அவள் ஓதுவது, பல் விழுவது, இதெல்லாம் நான் எப்படிப் பார்ப்பேன்?" அதற்குப் பிறகுதான் பேச்சு ஒழுங்காக நடந்தது.

என்ன எழுதினோம் தெரியுமா? நம் ஊர் மஃரிப் தொழுகைக்குப் பின் தினமும் பத்து நிமிடம் வீடியோ அழைப்பு. அங்கே கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், ஆகவே பிள்ளை ஸ்கூல் முடிந்து வீட்டில் இருக்கும். துபாய்ப் பக்கம் வாட்ஸ்அப் அழைப்பு எடுக்காது, எந்த ஆப் என்பதையும் எழுதினோம். சிரிக்காதீர்கள், அந்த ஒரு வரி இல்லாவிட்டால் முதல் வாரமே சண்டை. அங்கே பெரிய லீவு ஜூலை, ஆகஸ்ட்டில் வரும், நம் ஊர் மாதிரி மே மாதம் இல்லை. அந்த லீவில் முப்பது நாள் மகள் தகப்பனாரிடம். டிக்கெட் தாயின் செலவு, ஏனென்றால் தூரம் போனது அவர். அதற்கு ஈடாக மாதச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்தோம், ஆனால் பாக்கியைக் கட்ட வேண்டும். ஸ்கூல் ரிப்போர்ட், மருத்துவச் சீட்டு எல்லாம் தகப்பனாருக்கும் அனுப்ப வேண்டும். இரண்டு நோன்புப் பெருநாளில் ஒன்று ஊரில். வீடு மாறினாலோ வேறு நாடு போனாலோ அறுபது நாள் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். இதைக் குடும்ப நீதிமன்றத்தில் தாக்கல் செய்து உத்தரவு வாங்கினோம்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் லீவில் முப்பது நாளுக்குப் பதில் பதினெட்டு நாள்தான் வந்தார்கள், அந்தச் சகோதரிக்கு லீவு கிடைக்கவில்லையாம். தகப்பனார் கோபத்தில் ஒரு மாதப் பணத்தை நிறுத்தினார். இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பத்திரத்தை எடுத்து வைத்தேன். விடுபட்ட பன்னிரண்டு நாளை அடுத்த லீவில் சேர்ப்பது, நிறுத்திய பணத்தை உடனே அனுப்புவது என்று ஒரு மணி நேரத்தில் முடிந்தது. எழுதி வைத்த தேதி இருந்ததால்தான் ஒரு மணி நேரம். அந்தப் பையன் வழக்கில் ஒன்றேகால் வருடம் ஆனது.

ஒரு விஷயம் விலக்கு. அடி, உதை, பிள்ளைக்கு ஆபத்து உள்ள வீடுகளில் இந்தச் சமாதானப் பேச்செல்லாம் பிறகுதான். அங்கே முதலில் பாதுகாப்பு, உடனே நீதிமன்றம்.

வழக்கறிஞருக்குக் காசில்லை என்று யாரும் சும்மா இருக்க வேண்டாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். நான் சொன்ன மாதிரி ஒப்பந்தப் படிவம் ஒன்றை அலுவலகத்தில் வைத்திருக்கிறேன், தேதி, நேரம், இடம், செலவு என்று காலியிடங்களோடு. வாங்கிப் போங்கள், வீட்டில் உட்கார்ந்து பென்சிலால் நிரப்பிப் பாருங்கள், பிறகு வாருங்கள். அஸருக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள். எல்லோர் முன்னிலையிலும் கேட்க முடியாதவர்கள் தொழுகைக்குப் பின் பெண்கள் பகுதிக்கு வாருங்கள், நான் அங்கேதான் இருப்பேன்.